ஊன்றுகோலின் கதை

என் அக்காள் மகன் இமயமலைக்குப் புறப்படுகிறான். எவரெஸ்ட் சிகரத்துக்கு அல்ல; அதன் காலடியில் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூடாரத் தளம் வரையில்தான். "வரையில்தான்" என்று நான் எழுதிவிட்டேன். அவனைப் பெற்றவளுக்கோ அது கைலாசத்துக்கு ஒரு படி கீழே.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன் என் வீட்டுக்கு வந்தான். கையில் நீளப் பை ஒன்று. அதிலிருந்து இரண்டு குழாய்களை உருவி எடுத்தான்.

"என்னப்பா இது, குடையா?" என்று கேட்டேன்.

"குடை இல்லை மாமா. மலையில் நடக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கோல். வேண்டிய அளவுக்கு நீட்டலாம், குறுக்கலாம்" என்று சொல்லி, குழாய்க்குள் குழாயாக இருந்ததை இழுத்து, முறுக்கி, என் மார்பு உயரத்துக்கு நிறுத்திக் காட்டினான்.

நான் எதையும் பரீட்சித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்கிறவன் அல்ல. எழுந்துபோய் அந்தக் கோலைப் பிடித்து என் உடல் பாரம் முழுவதையும் அதன்மேல் வைத்தேன். என் உடல் பாரம் எவ்வளவு என்பது இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லாத விஷயம். கோல் ஒரு கணம் தாங்கியது. மறுகணம், 'சர்'ரென்று ஒரு குழாய் இன்னொரு குழாய்க்குள் போய்விட்டது. நல்ல வேளையாக ஊஞ்சல் சங்கிலி கைக்கு எட்டியது. எட்டியிராவிட்டால் இதை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எழுதியிருப்பேன்.

"இதை நம்பியா நீ மலை இறங்கப் போகிறாய்?" என்றேன்.

"கடைக்காரர் நன்றாக உழைக்கும் என்று சொன்னாரே, மாமா!" என்றான் பையன். அவன் முகத்தில் அசடு வழிந்தது. பிறகு சொன்னான்: "நீங்கள்தான் எதற்கெடுத்தாலும் சரித்திரம் சொல்லுகிறவராயிற்றே. இதற்கும் ஒரு சரித்திரம் இருந்தால் பார்த்துச் சொல்லுங்களேன். எதை வாங்குவது என்று தெரிந்துகொள்கிறேன்."

கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் புத்தகங்களைப் புரட்டினேன். ஒரு சாதாரணக் கோலுக்குப் பின்னால் நட்பும் துரோகமும் நூறு வருஷத்துப் பொய்யும் ஒளிந்திருந்தன. நாவல் எழுதுகிறவனுக்கு வேறு என்ன வேண்டும்?

*

கோல் நமக்குப் புதிது அல்ல. என் பாட்டனாரிடம் ஒரு மூங்கில் தடி இருந்தது. அடியில் இரும்புப் பூண். அவர் தெருக்கோடியில் வரும்போதே அந்தப் பூணின் 'டக் டக்' சத்தம் கேட்டு, நாங்கள் சீட்டுக்கட்டை மறைத்துவிடுவோம். வழுக்கும் நிலத்தில் ஊன்றுகோல் எப்படி உதவுமோ, அப்படி உதவும் ஒழுக்கமுடையவர்களின் வாய்ச்சொல் என்று வள்ளுவர் ஒரு குறளில் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது, சொல்லுக்கும் கோலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் நடந்த ஒரு கதையைப் படித்த பிறகுதான் விளங்கிற்று.

ஆல்ப்ஸ் மலைகளில் மிக உயர்ந்தது மோன் பிளாங்க் என்னும் வெள்ளை மலை. உயரம் 4,800 மீட்டருக்குச் சற்று மேல். அதன் அடியில் சமோனி என்று ஒரு கிராமம். இன்று அது பிரான்ஸைச் சேர்ந்தது. அன்று ஸார்டினியா மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1760-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்திலிருந்து சொஸ்ஸூர் என்ற இளைஞர் அங்கே வந்தார். வயது இருபது, விஞ்ஞானத்தில் பித்து. அந்தச் சிகரத்துக்கு வழி கண்டுபிடிக்கிறவருக்கு நல்ல பரிசு தருவதாக அறிவித்துவிட்டுப் போனார். இருபத்தைந்து வருஷங்களுக்கு மேல் அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை. முயன்றவர்கள் உண்டு, எல்லோரும் பாதியில் திரும்பினார்கள்.

1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆந் தேதி இரண்டு பேர் கிராமத்தைவிட்டுப் புறப்பட்டார்கள். ஒருவர் அவ்வூர் வைத்தியர் மிஷேல் கப்ரியேல் பக்கார், வயது இருபத்தொன்பது. மற்றவன் ஷாக் பால்மா. மலையிடுக்குகளில் ஸ்படிகக் கற்களைத் தேடி எடுத்து விற்கிறவன். வயது இருபத்து நான்கு. வைத்தியருக்கு மலை உச்சியில் காற்றின் அழுத்தத்தை அளக்க வேண்டும் என்று ஆசை. பால்மாவுக்குப் பரிசின்மேல் ஆசை. இரண்டு ஆசைகளும் ஒரே பாதையில் ஏறின.

அவர்களிடம் கயிறு கிடையாது. பனிக்கட்டியை வெட்டும் கோடரி கிடையாது. இருந்தவை, ஆளுக்கு ஒரு நீண்ட கம்பு. அடியில் இரும்புப் பூண். என் பாட்டனாரின் தடிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆளைவிட உயரமானது. இத்துடன் பக்காரின் பாரமானியும் வெப்பமானியும்.

பனியாறு என்பது பார்வைக்கு வெள்ளைச் சமவெளி. ஆனால் அதன் உடம்பெல்லாம் பிளவுகள். பிளவின்மேல் புதுப்பனி விழுந்து மூடியிருக்கும். கால் வைத்த பிறகுதான் கீழே ஒன்றுமில்லை என்பது தெரியும். அன்று அந்த இருவரின் காலடியிலும் பனிப்பாலங்கள் உடைந்தன, ஒரு தடவை அல்ல, பல தடவை. ஒவ்வொரு தடவையும் கம்பைக் குறுக்கே போட்டுக்கொண்டு அதன்மேல் குப்புற விழுந்து உயிர் தப்பினார்கள். பிறகு இரண்டு கம்புகளையும் பிளவின்மேல் பக்கம் பக்கமாகக் கிடத்தி, அவற்றின்மேல் வயிற்றால் ஊர்ந்து அக்கரை சேர்ந்தார்கள்.

இந்தக் காட்சியைச் சிறிது நேரம் மனக்கண்ணில் பாருங்கள். ஒருவனுடைய கம்பு மட்டும் போதாது. இரண்டும் சேர்ந்தால்தான் பாலம். வைத்தியரின் கம்பும் கல் விற்கிறவனின் கம்பும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. அடியில் பாதாளம்.

ஆகஸ்டு 8-ஆந் தேதி மாலை ஆறரை மணிக்குச் சற்று முன்பாக இருவரும் உச்சியை அடைந்தார்கள். அரைமணி நேரம்போல அங்கே இருந்தார்கள். பக்கார் பாரமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இறங்கும்போது நிலவு துணை செய்தது. பனியின் ஒளி பட்டு வைத்தியரின் கண்கள் ஏறக்குறைய குருடாகிவிட்டன. பால்மா அவரை அழைத்து வந்து சேர்த்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம் போட்டுவிடலாம்.

*

ஜெனீவாவில் பூரி என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். (பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், அவர் நாட்டில் அது கௌரவமான பெயர்தான்.) மோன் பிளாங்க் மலைமேல் ஏற அவர் பலமுறை முயன்று தோற்றவர். தம்மால் முடியாததை ஒரு கிராம வைத்தியர் செய்துவிட்டார் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. உடனே ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். எல்லாப் பெருமையும் பால்மாவுக்கே. வைத்தியர் வெறும் சுமை, இழுத்துக்கொண்டு போகப்பட்டவர் என்பது அதன் சாரம். பக்கார் மறுப்புத் தெரிவித்தார். நடந்ததை நடந்தபடி சொல்லிப் பால்மாவே கையெழுத்திட்ட ஒரு வாக்குமூலமும் பத்திரிகையில் வெளியாயிற்று. ஆனால் பக்கார் எழுதப்போவதாக அறிவித்த புத்தகம் வெளிவரவே இல்லை. பால்மாவோ, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று பிற்பாடு சொன்னான். இதற்கிடையில் பக்கார் மணந்துகொண்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? பால்மாவின் சகோதரியை! அந்த வீட்டில் பண்டிகை நாட்களில் மைத்துனர்கள் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து என்ன பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். என் பேனாவுக்கும் அது எட்டவில்லை.

பக்கார் 1827-இல் காலமானார். ஐந்து வருஷம் கழித்து, 1832-இல், புகழ்பெற்ற நாவலாசிரியர் அலெக்ஸாந்தர் தூமா சமோனிக்கு வந்தார். எழுபது வயதுக் கிழவனான பால்மாவைச் சந்தித்தார். கிழவன் கதை சொன்னான். தான் தனியாகவே உச்சியை அடைந்ததாகவும், பிறகு இறங்கிப் போய், நடுவழியில் செயலற்றுக் கிடந்த வைத்தியரை எழுப்பி இழுத்து வந்ததாகவும் சொன்னான். மறுத்துச் சொல்ல வைத்தியர் உயிரோடு இல்லை. தூமா அதைத் தம் பிரயாண நூலில் எழுதினார். தூமா எழுதினால் உலகம் படிக்காமல் இருக்குமா? ஒரு நாவலாசிரியன் கையில் அகப்பட்ட சரித்திரத்தின் கதி இதுதான். என் தொழிலைச் சேர்ந்தவர் செய்த காரியமாதலால் கொஞ்சம் வெட்கத்துடனேயே இதைச் சொல்லுகிறேன்.

1887-இல் சமோனியில் சிலை வைத்தார்கள். அதில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவன் பால்மா, கையை நீட்டிச் சிகரத்தைக் காட்டுகிறான். மற்றவர் பக்கார் அல்ல. பரிசு அறிவித்த சொஸ்ஸூர்! அவரும் 1787-இல், பதினெட்டு வழிகாட்டிகள் புடைசூழ, அந்தச் சிகரத்தில் ஏறியவர்தான். ஆனால் முதலில் ஏறிய இருவரில் ஒருவருக்கு அந்தச் சிலையில் இடம் இல்லை.

உண்மை எங்கே இருந்தது? ஒரு தொலைநோக்கியில் இருந்தது. 1786 ஆகஸ்டு 8-ஆந் தேதி, ஜெர்மனியிலிருந்து வந்த கெர்ஸ்டார்ஃப் என்ற பிரபு சமோனியில் தங்கியிருந்தார். மலைமேல் இரண்டு புள்ளிகள் நகர்வதைத் தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்று நாட்குறிப்பில் எழுதினார், படமும் போட்டார். அவருக்கு இருவரில் யாரும் உறவு அல்ல, பகையும் அல்ல. அந்தக் குறிப்புகளின்படி இருவரும் மாறி மாறி முன்னே போனார்கள். ஏறக்குறைய ஒன்றாகவே உச்சியை அடைந்தார்கள். அந்தக் குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டு, டூபி என்ற ஸ்விஸ் அறிஞர் 1913-இல் ஒரு நூல் எழுதி வைத்தியரின் பக்கத்து நியாயத்தை நிலைநாட்டினார். பக்காருக்குச் சமோனியில் சிலை வைக்கப்பட்டதோ 1986-இல், இருநூறாவது ஆண்டு விழாவின்போது. வள்ளுவர் சொன்ன ஊன்றுகோல் எது என்பது எனக்கு அப்போது புரிந்தது. நூறு வருஷ காலம் உலகம் தவறான சொல்லின்மேல் பாரத்தை வைத்து நின்றது. அது என் அக்காள் மகனின் கோலைப்போல உள்ளே இறங்கிவிட்டது.

*

மீண்டும் கோலுக்கு வருவோம்.

சொஸ்ஸூரின் காலத்தில் நீளக் கம்புக்கு இன்னொரு பிரயோஜனமும் இருந்தது. அபாயமான சரிவுகளில் முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒரு வழிகாட்டி. இருவரும் ஒரு நீண்ட கம்பைப் படுக்கைவாக்கில் பிடித்துக்கொள்வார்கள். நடுவில் கனவான் அதைப் பற்றிக்கொண்டு நடப்பார். கூடவே நடந்து வரும் கைப்பிடிச்சுவர்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வழிகாட்டிகள் ஒரு கையில் கம்பும் இன்னொன்றில் சிறு கோடரியுமாகப் போய் அலுத்துப்போனார்கள். இரண்டையும் ஒன்றாக்கினார்கள், பனிக்கோடரி பிறந்தது. மலையேறுகிற வீரர்கள் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். பழைய கம்பு உல்லாசப் பிரயாணிகளுக்கு மிஞ்சியது. அவர்கள் போன ஊர்களின் பெயர்களையெல்லாம் அதில் சூடு போட்டுப் பொறித்துக்கொள்வார்கள். ஸ்விட்ஸர்லாந்தில் இதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருந்ததை அமெரிக்க ஹாஸ்ய எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1880-இல் வெளிவந்த தம் பிரயாண நூலில் கேலி செய்திருக்கிறார்.

கம்பு மறுபடியும் உழைக்க ஆரம்பித்தது பனிச்சறுக்கில். முதலில் அங்கும் ஒற்றைக் கோல்தான், பிறகு இரண்டாயிற்று. மரம் கனத்தது, ஆகையால் மூங்கிலைத் தேடினார்கள். தெற்குச் சீனத்தில் விளையும் ஒருவகைக் கெட்டி மூங்கில் கப்பலேறி ஐரோப்பாவின் பனிமலைகளுக்குப் போயிற்று. பிறகு எஃகுக் குழாய். 1958-இல் எட் ஸ்காட் என்ற அமெரிக்கர் நுனி குறுகிய அலுமினியக் கோலைச் செய்தார். அதன் லேசு கண்டு மூங்கிலும் எஃகும் ஒதுங்கின.

கடைசியில் 1974. ஜெர்மனியில் கார்ல் லென்ஹார்ட் என்பவர் 1948-இல் தொடங்கிய கம்பெனி ஒன்று இருந்தது. அவர் பெயரின் முதலெழுத்துக்களையும் கிர்ஹைம் என்ற ஊர்ப்பெயரின் முதலெழுத்துக்களையும் சேர்த்து அதற்கு லெகி என்று பெயர். அந்தக் கம்பெனிதான் நீளத்தை மாற்றக்கூடிய நடைக்கோலை வெளியிட்டது. இமயத்துச் சிகரங்களில் ஒன்றின் பெயரைச் சூட்டி 'மகாலு' என்று அழைத்தார்கள்.

நீளத்தை மாற்றுவதில் அப்படி என்ன அவசரம் என்று நீங்கள் கேட்கலாம். சமதரையில் கோலை ஊன்றினால் முழங்கை செங்கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும். அதுதான் சரியான அளவு. ஏறும்போது தரை நம் முகத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. ஆகையால் கோலைச் சிறிது குறுக்க வேண்டும். இறங்கும்போது தரை விலகிப் போகிறது. கோல் நீள வேண்டும். பாட்டனாரின் தடியால் இது முடியாது.

மலையேறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குச் சத்துரு. 1999-இல் ஆஸ்திரியாவின் ஸால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். 25 பாகைச் சரிவில் எட்டு ஆண்களைக் கோலோடும் கோல் இல்லாமலும் இறங்கச் சொன்னார்கள். கோல் ஊன்றி இறங்கியபோது முழங்கால் மூட்டில் விழும் விசைகள் 12 முதல் 25 சதவிகிதம் வரை குறைந்தன. அக்காளுக்கு இந்தக் கணக்கைச் சொன்னேன். "எனக்கே இரண்டு வாங்கிக் கொடு" என்றாள்.

*

இனி, எந்தக் கோலை வாங்குவது? பையனுக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது பூட்டு. முறுக்கிப் பூட்டும் வகையில், குழாய்க்குள்ளே ஒரு சிறு பிளாஸ்டிக் அடைப்பான் இருக்கிறது. முறுக்கினால் அது விரிந்து குழாயின் உட்சுவரைக் கவ்விக்கொள்கிறது. ஈரமோ, தூசியோ, எண்ணெயோ பட்டால் பிடி வழுக்கும். எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இதுதான். உள்ளே நடக்கும் கோளாறு வெளியே தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. நெம்பி மூடும் பூட்டு உள்ள கோல்களில் பிடிப்பு வெளியே இருக்கிறது. இறுகியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். கையுறையோடும் திறந்து மூடலாம். தளர்ந்தால் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யலாம். நெடுந்தூரம் ஜனசஞ்சாரமில்லாத இடங்களுக்குப் போகிறவர்களுக்கு இதுவே உத்தமம்.

அடுத்தது உலோகம். கார்பன் நாரில் செய்த கோல் லேசு, கை சலிக்காது. ஆனால் பாறையில் இடிபட்டு ஒரு கீறல் விழுந்தால், பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறிந்துவிடும். அலுமினியம் சற்றுக் கனம். ஆனால் அது முறிவதற்கு முன் பெரும்பாலும் வளையும். வளைந்ததை ஒருவாறு நிமிர்த்திக்கொண்டு ஊர்வந்து சேரலாம். முன்கூட்டி எச்சரிக்கிறவனைத்தான் நான் கூட அழைத்துப் போவேன்.

நுனியில் டங்ஸ்டன் கார்பைடு வைத்திருப்பார்கள். இது நம் பாட்டனார் பூணின் கொள்ளுப்பேரன். பாறையில் எளிதில் தேயாது. நுனியும், பனியில் புதையாமல் தடுக்கும் வளையமும் தனியே வாங்கி மாற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். கைப்பிடி தக்கையில் செய்ததானால் வியர்வையில் வழுக்காது. கைப்பட்டையில் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்துப் பிடிக்க வேண்டும்; அப்போது பாரத்தைப் பட்டை தாங்கும், விரல்கள் ஓயும். குழாயில் 'நிறுத்து' என்று குறித்திருக்கும் கோட்டுக்கு அப்பால் ஒருபோதும் இழுக்கக்கூடாது. ஊர் திரும்பியதும் குழாய்களைப் பிரித்துத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் அடுத்த பிரயாணத்தில் பிரிக்கவே முடியாது. இன்னொன்று: கோல் பனிக்கோடரி ஆகிவிடாது. செங்குத்தான பனிச்சரிவில் சறுக்கினால் அது நம்மை நிறுத்தும் என்று நம்பிவிடக்கூடாது.

பையன் போகப்போகும் பாதையில் வேறொரு கோலையும் பார்ப்பான். நேபாளத்துச் சுமைகாரர்கள் கூடையை முதுகில் வைத்து, அதைத் தாங்கும் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். கையில் குட்டையான ஒரு தடி. மேலே குறுக்குக் கட்டை. 'தோக்மா' என்று பெயர். களைத்தபோது அதைக் கூடையின் அடியில் முட்டுக்கொடுத்து, நின்றபடியே மூச்சு வாங்குவார்கள். நம் ஊர்ச் சாலையோரங்களில் நிற்கிற சுமைதாங்கிக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதர்கள் தங்கள் சுமைதாங்கியையும் தாங்களே சுமந்துகொண்டு போகிறார்கள்! 2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, அவர்களில் ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவிகிதம் சுமப்பதாகக் கணக்கிட்டிருக்கிறது. அந்தத் தடியை நீட்டவும் முடியாது, குறுக்கவும் முடியாது. அதற்கு விளம்பரமும் இல்லை. ஆனால் மலையேறிய கனவான்களின் கூடாரங்களும் அரிசியும் அந்தத் தடிகளின்மேல் இளைப்பாறித்தான் மேலே போயிருக்கின்றன. எந்தத் தொலைநோக்கியும் அவர்களைக் குறித்து வைக்கவில்லை.

*

பையன் பழைய கோல்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கி வந்தான். அலுமினியம், நெம்பி மூடும் பூட்டு. மறுபடியும் நான் என் முழுப் பாரத்தையும் வைத்துப் பார்த்தேன், இந்தத் தடவை ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு. கோல் அசையவில்லை. பூட்டைப் பற்றி, உலோகத்தைப் பற்றி, தக்கையைப் பற்றி மாமனும் மருமகனும் ஒரு மணி நேரம் பேசினோம்.

அக்காள் காபி கொண்டுவந்து வைத்தாள். கோலை எடுத்து ஒருமுறை தரையில் தட்டிப் பார்த்தாள்.

"கோல் இருக்கட்டும். கூட வருகிறவன் யாரடா?" என்று கேட்டாள்.

இவ்வளவு சரித்திரம் படித்த நான் அதைக் கேட்க மறந்தே போயிருந்தேன்.